போரும் தேசபக்தியும் ஒரு படமும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கூட்டங்களில் அரசியல் பேசுவதில்லை என்பது எழுதப்படாத விதி. நல்ல விதிதான். ஆனால் பேச வேண்டிய விஷயத்தைச் சபையில் பேசாவிட்டால், ஜனங்கள் அதை வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். அங்கே முகம் தெரியாது, குரல் தெரியாது. சூடு மட்டும் தெரியும். அண்மையில் நம் கிளைக் குழுவில் ஒரு டாக்குமெண்டரிப் படத்தைப் பற்றிய சர்ச்சை "தேசத்துரோகி" என்ற வார்த்தை வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகுதான் செயலாளர் என்னிடம், "ஸார், நீங்கள் 34 வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியவர். போர், தேசபக்தி, அரசியல் படங்கள், இது மூன்றையும் சேர்த்து அரை மணி பேசுங்கள்" என்றார்.

நம் நாட்டு விவகாரம் எதையாவது உதாரணமாக எடுத்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் இன்னொரு பக்கமும் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் தூரத்து உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கோபுரத்தை எட்ட நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். 2003-ல் அமெரிக்கா ஈராக்கின் மீது தொடுத்த போரும், 2004-ல் அதைப் பற்றி வந்த ‘ஃபாரன்ஹீட் 9/11’ என்ற படமும்தான் இன்றைய விஷயம்.

நடந்தது என்ன?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்த தாக்குதல்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதைச் செய்தது அல்-காய்தா. அடுத்த வருஷமே அமெரிக்க அரசின் பேச்சு ஈராக் பக்கம் திரும்பியது. சதாம் ஹுசேனிடம் ரசாயன ஆயுதம் இருக்கிறது, கிருமி ஆயுதம் இருக்கிறது, அணுகுண்டுக்கும் முயற்சி நடக்கிறது என்றார்கள். 2002 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்ற கணக்கிலும், செனட் 77-க்கு 23 என்ற கணக்கிலும் போருக்கு அதிகாரம் கொடுத்தன. 2003 பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கையில் ஒரு சிறு குப்பியைத் தூக்கிக் காட்டிப் பேசினார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. மே 1 அன்று ஜார்ஜ் புஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் மேல் நின்று பெரிய சண்டை முடிந்தது என்று அறிவித்தார்.

அதற்குப் பிறகு ஆயுதங்களைத் தேடினார்கள். அமெரிக்க அரசே நியமித்த ஆய்வுக் குழு ஒன்றரை வருஷம் தேடியது. 2004 அக்டோபரில் அதன் அறிக்கை வந்தது. ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை. அணு ஆயுதத் திட்டம் 1991-க்குப் பிறகு உயிரோடு இல்லை என்பது அதன் சாரம். அமெரிக்கத் தரப்பில் மட்டும் 2011-க்குள் சுமார் 4,500 ராணுவத்தினர் இறந்தார்கள். பிரிட்டன் 179 பேரை இழந்தது. ஈராக்கிய சிவிலியன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கை எவ்வளவு மேல் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஒரு குழாயின் கதை

நான் பௌதிகம் படித்தவன். அதனால் ஒரே ஒரு சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் பற்றியது அது. யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் எந்திரத்துக்காகத்தான் இந்தக் குழாய் என்று சி.ஐ.ஏ. சொன்னது.

குழாயின் குறுக்களவு 81 மில்லிமீட்டர். நீளம் 900 மில்லிமீட்டர். சுவரின் கனம் சுமார் 3.3 மில்லிமீட்டர். சுழல் எந்திரத்தில் குழாய் அசுர வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்குச் சுவர் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். இதுவோ தடிமன். குழாயின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருந்தது. சுழல் எந்திரத்துக்கு அந்தப் பூச்சு உதவாது, சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் ஈராக் ராணுவம் பல வருஷமாகப் பயன்படுத்திவந்த ஒரு ராக்கெட்டின் குறுக்களவும் அதே 81 மில்லிமீட்டர்தான். அமெரிக்க எரிசக்தித் துறை விஞ்ஞானிகள் 2001-லேயே இதைச் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "வெறும் ராக்கெட்டுக்கு இத்தனை துல்லியமான அளவுகளில் ஏன் குழாய் கேட்கிறார்கள்?" என்று சி.ஐ.ஏ. கேட்டது. பவலும் அதையே ஐ.நா.வில் கேட்டார். கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்குப் பதில் தேட ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்குக்கே போனார்கள். சுமார் 700 சோதனைகள் நடத்தினார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடை 2003 மார்ச் 7 அன்று, குழாய்கள் ராக்கெட்டுக்கானவை என்ற விளக்கமே பொருந்துகிறது என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தார். நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட காகிதங்கள் போலி என்றும் சொன்னார். பதின்மூன்றே நாளில் போர் தொடங்கியது.

ஆக, விஷயம் ரகசியமாக இருக்கவில்லை. அளந்து பார்த்தவர்கள் ஒன்று சொன்னார்கள். அவசரப்பட்டவர்கள் வேறொன்று சொன்னார்கள்.

கோப்பில் மறுப்பு எழுதுவது துரோகமா?

இங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஃபைலில் மேலதிகாரியின் அபிப்பிராயத்துக்கு மாறாக நோட் எழுதுவது நமக்குப் பழக்கமானது. "மேற்படி யோசனையை ஏற்பதற்கில்லை, காரணங்கள் பின்வருமாறு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி துரோகி அல்ல. அமைச்சரைக் குழியில் விழாமல் காப்பாற்ற முயல்கிறவர். அமைச்சர் அதைப் படித்துவிட்டு, "இருந்தாலும் செய்யலாம்" என்று எழுதினால் அது அவர் பொறுப்பு. ஆனால் அந்த நோட்டைக் கோப்பிலிருந்து உருவிவிட்டு மேலே அனுப்பினால்? அதற்கு நம் நடத்தை விதிகளில் தனிப் பெயரே உண்டு.

2002 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து தயாரித்த ரகசிய மதிப்பீட்டில் எரிசக்தித் துறையின் மறுப்பும், வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு எழுதிய மறுப்பும் இருந்தன. பொதுமக்களுக்கு வெளியிட்ட சுருக்கத்தில் அந்த மறுப்பு, சிலர் வேறுவிதமாக நினைக்கிறார்கள் என்ற அளவுக்குக் குறுகிவிட்டது. யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பது போய்விட்டது. செனட் உளவுக் குழுவின் அப்போதைய தலைவர் பாப் கிரஹாம் முழு ஆவணத்தையும் படித்தவர். அவர் போருக்கு எதிராக வாக்களித்தார். முழுசாகப் படித்தவர்கள் மிகச் சிலரே.

ராணுவத்திலும் இப்படி நடந்தது. தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் எரிக் ஷின்செகி, 2003 பிப்ரவரியில் செனட் குழு முன்பு, ஈராக்கைப் பிடித்த பிறகு கட்டுக்குள் வைக்கப் பல லட்சம் துருப்புகள் தேவைப்படலாம் என்று சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் அது மிகையான கணக்கு என்று ஒதுக்கினார். பின்னால் நடந்த கொள்ளையும் கலவரமும் யார் கணக்கு சரி என்று காட்டின. வியட்நாமில் ஒரு பாதத்தின் பாதியை இழந்தவர் அந்த ஜெனரல். அவரைவிட தேசபக்தர் யார்?

இன்னொருவர் ஜோசப் டார்பி. சாதாரணச் சிப்பாய். அபு கிரைப் சிறையில் தன் சகாக்களே கைதிகளைக் கொடுமைப்படுத்திய போட்டோக்களை 2004 ஜனவரியில் ராணுவ விசாரணைப் பிரிவிடம் ஒப்படைத்தார். சொந்த ஊரில் சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். அவர் செய்ததோ ராணுவத்தின் மானத்தைக் காப்பாற்றியது.

நம் வீட்டுக்குள் வந்த சண்டை

இந்தப் போர் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருடைய குழந்தைகள் அந்த நாட்டுப் பிரஜைகள். 2004 ஜூலையில் நியூஜெர்சியில் என் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். படம் அப்போதுதான் தியேட்டருக்கு வந்திருந்தது. காலேஜில் படிக்கும் அக்கா பெண் சிநேகிதிகளோடு பார்த்துவிட்டு வந்தாள். அத்திம்பேர் பார்க்க மறுத்துவிட்டார்.

"எட்டு டாலரோட வந்து எறங்கினவன் நான். இந்த தேசம் எனக்கு வேலை குடுத்தது, வீடு குடுத்தது, மானமா பொழைக்க வழி குடுத்தது. யுத்த சமயத்துல பிரஸிடெண்டை நம்பணும். அதுதான் நன்றி. அந்தத் தொப்பிக்காரன் படத்தைப் பாத்து நான் எதுவும் தெரிஞ்சுக்க வேண்டாம்" என்றார் அத்திம்பேர்.

"அப்பா, என்னோட ஹைஸ்கூல்ல படிச்ச பையன் ஒருத்தன் இப்ப ஈராக்ல இருக்கான். அவனை எதுக்கு அனுப்பினேள்னு கேக்கறது நன்றிகெட்டத்தனமா? நான் பொறந்த ஊரைப் பத்தி நான் கேக்காம யார் கேப்பா?" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் வாங்கோ, ரசம் ஆறிண்டிருக்கு" என்றாள் அக்கா. அவ்வளவுதான் அன்றைக்கு. ஆனால் அந்த வருஷம் நவம்பரில் நன்றி செலுத்தும் பண்டிகைக்குப் பெண் வீட்டுக்கு வரவில்லை. நாலு மாசம் அப்பாவும் பெண்ணும் போனில்கூடப் பேசவில்லை. அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு பேரையும் கவனித்துக் கேட்டவன். ஒன்று புரிந்தது. அவர் பேசியது நன்றியைப் பற்றி. அவள் பேசியது ஆதாரத்தைப் பற்றி. ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதிலே சொல்லவில்லை. இரண்டும் தேசபக்திதான். ஒன்று, வாழவைத்த இடத்துக்குக் கடன்பட்ட பக்தி. இன்னொன்று, பிறந்த இடத்தின் மேல் உரிமையுள்ள பக்தி. வந்து குடியேறியவருக்குக் கேள்வி கேட்கப் பயம், "நீ யார் கேட்க?" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. அங்கேயே பிறந்தவளுக்கு அந்தப் பயம் இல்லை. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்த குடும்பங்கள் இதைப் புரிந்துகொள்ள முடியும்.

படத்தைக் குறுக்கு விசாரணை செய்வோம்

இப்போது படத்துக்கு வருகிறேன். மைக்கேல் மூர் எடுத்தது. 2004 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. 1956-க்குப் பிறகு அந்தப் பரிசை ஒரு டாக்குமெண்டரி பெற்றது அதுவே முதல் தடவை. டிஸ்னி நிறுவனம் தன் துணை நிறுவனத்தின் மூலம் அதை வெளியிட மறுத்தது. பிறகு வேறு வழியில் ஜூன் 25 அன்று வெளியாகி அமெரிக்காவில் மட்டும் சுமார் 11.9 கோடி டாலர் வசூலித்தது. டாக்குமெண்டரிக்கு அது வரைக்கும் கேள்விப்படாத தொகை.

அதில் மனத்தை உலுக்கும் இடங்கள் உண்டு. மிஷிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்ற ஊர், கார்த் தொழிற்சாலைகள் மூடி வேலையில்லாமல் போன ஊர். அங்கே ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் கடைவாசலில் பையன்களை வளைப்பதைக் காட்டுகிறார். அந்த ஊரைச் சேர்ந்த ஒரு தாய். தினமும் வாசலில் கொடியேற்றுகிற குடும்பம். பிள்ளை ஈராக்கில் இறந்துவிடுகிறான். அந்தத் தாய் அவன் எழுதிய கடைசிக் கடிதத்தைப் படிக்கும் காட்சிக்கு எந்தக் கட்சிக்காரராலும் பதில் சொல்ல முடியாது. போரின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமான கேள்வி.

ஆனால் அதே படத்தில் சாமர்த்தியங்களும் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது: பின்லேடனின் உறவினர்கள் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் கிளம்பிய விஷயம். விமானப் போக்குவரத்து எல்லோருக்கும் தடைபட்டிருந்தபோது அவர்களுக்கு மட்டும் வழிவிட்டார்கள் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் எழும்படி காட்சிகளை அடுக்கியிருக்கிறார். செப்டம்பர் 11 விசாரணைக் கமிஷன் 2004 ஜூலையில் கொடுத்த அறிக்கைப்படி, அந்த விமானம் கிளம்பியது செப்டம்பர் 20 அன்று. வான்வெளி அதற்கு முன்பே திறந்துவிட்டது. பயணிகளில் பெரும்பாலோரை எஃப்.பி.ஐ. விசாரித்திருந்தது.

இரண்டாவது: போருக்கு முந்தைய பாக்தாதைக் காட்டும்போது குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரில் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற அரசு அது. 1990-ல் குவைத்தை விழுங்கிய அரசு. அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஜனங்களை ஏர் இந்தியா விமானங்களில் அழைத்துவந்தோமே, மறந்துவிட முடியுமா? சதாமின் கொடுமையைச் சொல்லிவிட்டும் போர் தவறு என்று வாதிக்கலாம். சொல்லாமல் விட்டது வாதத்தின் பலவீனம்.

மூன்றாவது: காங்கிரஸ் உறுப்பினர்களை மறித்து, "உங்கள் பிள்ளையை ராணுவத்தில் சேர்ப்பீர்களா?" என்று கேட்கிறார். ஒருவர் விழிப்பது மட்டும் படத்தில் வருகிறது. அவர் உதவுவதாகச் சொன்னதும், தன் உறவுப் பையன் ஒருவன் ஆப்கானிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று சொன்னதும் வெட்டப்பட்டுவிட்டன.

ஆகவே இந்த மாதிரிப் படத்தை வக்கீல் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஜட்ஜ்மெண்டாக அல்ல. வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் சாதகமானதைத்தான் சொல்வார். அதற்காக அவர் சொல்வது எல்லாம் பொய் என்று ஆகாது. எதிர்த்தரப்பும் அதே வருஷம் மூருக்குப் பதில் சொல்லும் படங்களை எடுத்தது. நவம்பரில் புஷ் மறுபடியும் ஜெயித்தார். ஒரு படம் தேர்தலைப் புரட்டிவிடும் என்று பயந்தவர்களும் தப்பு, நம்பியவர்களும் தப்பு.

அரசாங்கமும் படம் எடுக்கிறது

அரசியல் படம் என்றால் சர்க்காரைத் திட்டுகிற படம் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. பாக்தாதில் சதாமின் சிலையைத் தள்ளிய காட்சியை உலகமே பார்த்தது. பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் ஜனசமுத்திரம். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மைதானத்தின் பெரும்பகுதி காலி. ஜெசிக்கா லிஞ்ச் என்ற இளம் சிப்பாயை ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டதை ராணுவமே படம் எடுத்து வெளியிட்டது. அவர் கடைசி வரைக்கும் சுட்டுப் போராடினார் என்ற கதை பத்திரிகைகளில் பரவியது. 2007-ல் அவரே காங்கிரஸ் குழு முன்பு வந்து, நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, என் பெயரில் ஏன் கதை கட்டினார்கள் என்ற பொருளில் சாட்சி சொன்னார். பாட் டில்மன் என்ற பிரபல விளையாட்டு வீரர் லட்சக்கணக்கில் சம்பளத்தை உதறிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானார். எதிரியோடு மோதி வீரமரணம் என்று அறிவித்தார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் உண்மை வந்தது. அவர் குடும்பம் கேட்டது மரியாதையை அல்ல, உண்மையை.

இது அமெரிக்காவில் மட்டுமா? இரண்டாம் உலகப் போரில் ஃபிராங்க் காப்ரா என்ற பெரிய டைரக்டர் அமெரிக்க ராணுவத்துக்காக ஏழு படங்கள் எடுத்தார். ஹிட்லருக்காக ஒரு பெண்மணி எடுத்த படம் அவரைக் கலங்கவைத்தது. அதற்குப் பதிலாகத்தான் இதை எடுத்தார். நம் ஊர் டூரிங் டாக்கீஸிலும் மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் போடுவார்களே, 1971 போரை நான் பார்த்தது அதில்தான். அணைக்கட்டு, வெள்ளம், தலைவர் சுற்றுப்பயணம், பிறகு ஜவான்கள். அதுவும் ஒரு பக்கம் சொல்கிற படம்தான். நாம் அதைக் குற்றமாக நினைக்கவில்லை, ஏனென்றால் அது நம் பக்கம் சொன்னது. 1998 அணுகுண்டுச் சோதனைகளை விமர்சித்து ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘போரும் அமைதியும்’ படத்துக்குத் தணிக்கை வாரியம் பல வெட்டுகள் கேட்டது. 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வெட்டாமல் காட்ட அனுமதி கொடுத்தது. சோதனையை ஆதரித்தவன் நான். அந்தத் தீர்ப்பையும் ஆதரிக்கிறேன்.

நம் நாடு நடந்துகொண்ட விதம்

நம் நாட்டில் இதெல்லாம் முடியாது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1962-ல் சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே, வாஜ்பாய் போன்ற எதிர்க்கட்சித் தலைவர்கள் கேட்டதற்கு இணங்கி, நேரு நவம்பர் 8 அன்று பார்லிமெண்டைக் கூட்டினார். காரசாரமாகக் கேட்டார்கள். யாரும் யாரையும் சீனாவுக்குப் போகச் சொல்லவில்லை.

ஈராக் போரின்போது 2003 ஏப்ரலில் நம் பார்லிமெண்ட் தீர்மானம் நிறைவேற்றியது. கடுமையான வார்த்தை வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அமெரிக்காவைப் பகைக்க வேண்டாம் என்றது அரசு. கடைசியில் இந்தியில் ‘நிந்தா’ என்று போட்டார்கள், ஆங்கிலத்தில் அதைவிட மிதமான ‘டிப்ளோர்’ என்று வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் திருப்தி! ஈராக்குக்கு நம் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது, அனுப்பலாம் என்றவர்களும் இருந்தார்கள், கூடாது என்றவர்களும் இருந்தார்கள். பிரதமர் வாஜ்பாய் எல்லோரையும் கேட்டுவிட்டு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்புவதில்லை என்று 2003 ஜூலை 14 அன்று முடிவு செய்தார். அந்த முடிவால் எத்தனை ஜவான்கள் வீட்டுக்கு உயிரோடு திரும்பினார்கள் என்று எந்தப் படமும் காட்ட முடியாது.

கார்கில் போர் 1999 ஜூலையில் முடிந்தது. அந்த மாசமே விசாரணைக் குழு போட்டார்கள். அதன் தலைவர் கே. சுப்ரமண்யம், திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்து, ஐ.ஏ.எஸ். ஆனவர். ஊடுருவலை முன்கூட்டியே கண்டுபிடிக்காத உளவுத் தவறுகளை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. 2000 பிப்ரவரியில் அது பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. ஜவான்களின் வீரத்துக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை. பிரிட்டனில் ஈராக் போர் பற்றிய சில்காட் விசாரணை 2009-ல் தொடங்கி 2016 ஜூலையில்தான் முடிந்தது. சமாதான வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்றது. நம்முடைய 1962 தோல்வி பற்றிய ராணுவ அறிக்கையோ, அறுபது வருஷம் தாண்டியும் அரசால் வெளியிடப்படவில்லை. அதைக் கேட்பதும் தேசபக்தியே.

கும்பகர்ணனா, விபீஷணனா?

நம் பட்டிமன்றங்களில் தேய்ந்துபோன தலைப்பு இது. ஆனால் ஒரு விஷயத்தை நடுவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இரண்டு தம்பிகளும் ராவணனிடம் முதலில் உண்மையைச் சொன்னார்கள். "நீ செய்தது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவன் விலகினான், ஒருவன் யுத்தத்துக்குப் போனான். யார் செய்தது சரி என்று நாம் சண்டை போடுகிறோம். இலங்கையைக் கெடுத்தவர்கள் இந்த இருவரும் அல்ல. "மகாராஜா சொன்னால் சரி" என்று சபையில் தலையாட்டியவர்கள். அமெரிக்காவில் 2003 ஆகஸ்டில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 69 பேர், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருக்கலாம் என்று நம்பினார்கள். ஆதாரம் இல்லாத நம்பிக்கை அது. தலையாட்டுகிற சபையில் இப்படித்தான் ஆகும்.

அத்திம்பேர் விஷயத்தை முடிக்கவில்லையே. 2007-ல் சார்லஸ் ஃபெர்குசன் என்பவர் ‘நோ எண்ட் இன் சைட்’ என்று ஒரு படம் எடுத்தார். போருக்கு ஆரம்பத்தில் எதிராக இல்லாதவர் அவர். படத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஈராக்கில் அமெரிக்க அரசுக்காக வேலை பார்த்த அதிகாரிகளும் ராணுவத்தினரும். ஈராக் ராணுவத்தை 2003 மே மாதம் ஒரே உத்தரவில் கலைத்து, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் நிறுத்தியதை அவர்களே விவரிக்கிறார்கள். அந்தப் படத்தை அப்பாவும் பெண்ணும் சேர்ந்து பார்த்தார்களாம். அத்திம்பேர் நடுவில் எழுந்து போகவில்லை. போர் தப்பு என்று அவர் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நடத்திய விதம் தப்பு என்று ஒப்புக்கொண்டார். கேலி செய்த படத்தால் முடியாததை, மரியாதையாகப் பேசிய படம் செய்தது.

என் யோசனைகள்

நம் பெரியவர்கள் சாஸ்திர விசாரத்தில் கடைப்பிடித்த முறை உண்டு. முதலில் பூர்வபட்சம். எதிராளியின் கட்சியை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுப்பு. அதை வைத்தே ஐந்து விதிகள் சொல்கிறேன்.

1. எதிர்க்கட்சியை அதன் பலமான வடிவத்தில் சொல்லாமல் மறுக்கக் கூடாது.

2. படத்தில் பார்த்ததை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்தது எது, ஊகம் எது, உணர்ச்சி எது. தாயின் கண்ணீர் உண்மை; ஆனால் அது விமானம் கிளம்பிய தேதிக்குச் சாட்சி ஆகாது.

3. ஒவ்வொரு காட்சிக்கும் தேதி என்ன, முன்னாலும் பின்னாலும் என்ன வெட்டப்பட்டது, பணம் போட்டது யார் என்று கேளுங்கள். நம் பக்கம் பேசுகிற படத்திடம் இரண்டு மடங்கு கடுமையாகக் கேளுங்கள்.

4. போர்வீரன் வேறு, போரைத் தீர்மானித்தவர் வேறு. வீரனின் தியாகத்தைக் காட்டி முடிவை நியாயப்படுத்துவதும் தப்பு. முடிவு தப்பு என்பதற்காக வீரனை இகழ்வதும் தப்பு.

5. "துரோகி", "பக்தன்", "அடிமை" ஆகிய வார்த்தைகள் வந்தால் அந்தக் கணமே விவாதத்தை நிறுத்திவிட வேண்டும். வார்த்தையைச் சொன்னவர் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

நமக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஒரு டாக்குமெண்டரியைச் சேர்ந்து பார்க்கலாம். பார்த்த பிறகு இரண்டு பேர் பேச வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத கட்சியை எடுத்து வாதாட வேண்டும். இளைஞர்கள் படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், பெரியவர்கள் நேரத்தைக் கவனிக்கட்டும்.

நம் கிளையில் முதல் கூட்டத்துக்கு நானே பெயர் கொடுக்கிறேன். ஈராக் போர் கூடாது என்பது என் அபிப்பிராயம் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆகவே, போர் சரியே என்ற கட்சியில் பதினைந்து நிமிஷம் நான் பேசுகிறேன். ஹலப்ஜாவிலிருந்து ஆரம்பிப்பேன். மறுத்துப் பேச யார் வருகிறீர்கள் என்று செயலாளரிடம் சொல்லுங்கள்.